கட்டாத படலை

எங்கள் வீட்டுப் படலைக்குக் கயிறு இருந்தது. கட்டுவதற்குத்தான் அனுமதி இல்லை. எண்பத்து மூன்று ஆடிக்குப் பிறகு, பொழுது சாய்ந்ததும் தீவுக் கிராமமான சுருவிலில் எல்லோரும் தங்கள் வேலிப் படலையை இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டார்கள். எங்கள் படலை மட்டும் காற்றுக்கு ஆடிக்கொண்டு நின்றது. அது ஐயாவின் கட்டளை.

"பிள்ளை வந்தால் வெளியிலை நிண்டு கூப்பிடக் கூடாது. தள்ளினால் திறக்கவேணும்."

ஐயா பிள்ளை என்றது என் அண்ணையை. படலையைத் தள்ளிக்கொண்டு மாடுகள் வந்தன, ஆடுகள் வந்தன, அயல்வீட்டுக் கோழிகள் வந்து நான் நட்ட கத்தரிக் கன்றுகளைக் கிளறிவிட்டுப் போயின. அண்ணை வரவில்லை.

அண்ணைக்குத் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை. எங்கள் தீவில் இது புதினமான செய்தியல்ல. பாதி வீடுகளில் ஆம்பிளைகள் தெற்கே கடை வைத்திருந்தார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்து பெட்டி நிறையச் சாமான் இறக்கி, பிள்ளை கொடுத்து, திரும்பிப் போனார்கள். பெண்சாதிகள் இங்கே ஆடும் மாடும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அண்ணை கலியாணம் செய்து இரண்டு மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லை. அந்தப் பட்டணத்தில் கைராசியான டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, எண்பத்திரண்டு ஆனியில் மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் ஆடிக் கலவரத்தில் அந்தப் பட்டணம் எரிந்தது.

மச்சாள் என்பது அண்ணையின் மனைவி. எனக்கு அவள் மச்சாள், அவளுக்கு நானும் மச்சாள். வயதில் என்னைவிடச் சற்றே மூத்தவள் என்பதால் எழுதும்போதும் 'அவள்' என்றுதான் வருகிறது. மரியாதைக் குறைவு என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

தெற்கிலிருந்து சனங்களை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல்கள் வந்தபோது ஐயாவும் நானும் துறைமுக வாசலில் நின்றோம். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தா. அந்தக் கொடுமையைப் பார்க்காமல் போனது அவவின் நல்ல காலம். கப்பலால் இறங்கியவர்களில் மச்சாளைக் கண்டபோது முதலில் எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. யாரோ ஒரு சிங்களப் பெண்ணின் உடுப்பு உடுத்திருந்தாள். கையில் ஒரு துணிச் சுருள். நெற்றியில் பொட்டு இல்லை. ஐயா ஓடிப்போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, அவன் வருவானோ?"

"ஓம் மாமா," என்றாள் மச்சாள். "கடையைப் பூட்டப் போனவர். பின்னாலை வாற கப்பலிலை வருவார்."

பின்னால் வந்த கப்பலையும் போய்ப் பார்த்தோம். அதற்குப் பின்னால் வந்ததையும் பார்த்தோம். பிறகு கப்பல் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் கிணற்றடியில் குளித்துவிட்டு, என்னுடைய சீலை ஒன்றை உடுத்தி, கண்ணாடிக்கு முன் நின்று குங்குமத்தைக் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்தாள். முன்பெல்லாம் கடுகளவு வைத்தவள். அன்றுமுதல் தூரத்தில் வரும்போதே தெரிகிற அளவு. அதைப் பார்த்த ஐயாவுக்கு ஒரு தெம்பு வந்ததை நான் கண்டேன். எனக்கும் வந்தது, பொய் சொல்வானேன்.

அண்ணையின் சைக்கிள் கொட்டிலில் நின்றது. அதன் மணியில் வில்லு பழுது. அடித்தால் ஒருதரம் கணீர் என்றும் மறுதரம் கரகரவென்றும் கேட்கும். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டாலே சோற்றுப் பானையை இறக்கிவிடுவோம். மச்சாள் கப்பலால் வந்த புதிதில் ஒருநாள் அந்தச் சைக்கிளை எடுத்து ஓடப் பழகினாள். கை தெரியாமல் மணியில் பட்டுவிட்டது. உள்ளே படுத்திருந்த ஐயா வேட்டி அவிழ அவிழ முற்றத்துக்கு ஓடிவந்தார். மச்சாள் சைக்கிளை விட்டு இறங்கி, திருகுசாவி கொண்டு மணியைக் கழற்றி, அலுமாரியில் இழுக்கிற லாச்சிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளுக்கு மணி இல்லை. சந்துகளில் திரும்பும்போது "வழி, வழி" என்று வாயால் கத்திக்கொண்டு போவாள். ஊர்ப் பெடியள் அவளைக் கண்டால் தாங்களும் "வழி, வழி" என்று கத்துவார்கள்.

மணி லாச்சிக்குள் கிடந்தது. ஆனாலும் பின்னேரங்களில் அது தெருவில் கேட்டது.

முதலில் ஐயாவுக்குத்தான் கேட்டது. விளக்கு வைக்கிற நேரம் தலையை நிமிர்த்தி, படலைப் பக்கம் காது கொடுத்து, "இண்டைக்கு வந்தவனோ?" என்று கேட்பார். குசினிக்குள் இருந்து மச்சாள், "இண்டைக்கு இல்லை மாமா" என்பாள். அவ்வளவுதான் கதை. அவர் படுத்துவிடுவார். கொஞ்சக் காலம் போக, எனக்கும் கேட்கத் தொடங்கியது. முதலில் கணீர், பிறகு கரகர. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், பேய் பிசாசு நம்பாதவள் என்று பெயரெடுத்தவள். அதனால் யாருக்கும் சொல்லவில்லை. மச்சாளுக்குக் கேட்டதா என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள்.

பகலில் அவள் வேறொருத்தி. புருஷன் கடையில் நின்று பழகிய கைகளுக்குச் சும்மா இருக்க ஏலவில்லை. எங்கள் முன்னறையில் ஒரு சின்னக் கடை போட்டாள். அரிசி, சீனி, மண்ணெண்ணெய். அனலைதீவுக்கு வள்ளத்தில் போய் வெங்காயம் வாங்கி வந்தாள். வள்ளம் நிறைய ஆம்பிளைகள், நடுவில் இவள் ஒருத்தி, மடியில் சாக்கு. கூரைக்கு ஏறி ஓலை மாற்றினாள். அதைப் பார்க்கத் தெருவில் நின்ற ஒரு பெரிய மனிதரிடம், "அண்ணை, சும்மா நிக்காமல் உந்த ஓலையை எடுத்துத் தாருங்கோ" என்றாள். அவரும் எடுத்துக் கொடுத்தார். பிறகுதான் அவருக்கு ரோசம் வந்திருக்கும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "புருசன் எங்கையெண்டு தெரியாது, பொட்டைப் பார், நிலா மாதிரி" என்றார்கள். கிணற்றடியில் சொன்னார்கள், கோயில் வீதியில் சொன்னார்கள். அவள் காதில் விழத்தான் சொன்னார்கள். அவள் தண்ணீரை நிரப்பிக்கொண்டு நேரே நடந்தாள்.

ஆனால் சொன்னவர்களைவிடப் பார்த்தவர்கள் அதிகம். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண்கள் கூடிக்கொண்டே போனார்கள். தெற்கே போனவன் வரவில்லை, கடலுக்குப் போனவன் வரவில்லை, தெருவுக்குப் போனவன் வரவில்லை. அவர்கள் பின்னேரங்களில் எங்கள் கடைக்கு உப்பு வாங்க வந்து நின்றார்கள். உப்பு ஒரு சாட்டு. மச்சாளின் நெற்றியைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி கரைப்பக்கத்துப் பெண். அவளுடைய மனிதன் எழுவைதீவுப் பக்கம் வலைக்குப் போய்த் திரும்பவில்லை. அவளுடைய மாமியார் பொட்டை அழி என்று நின்றாள். அவள் நேரே எங்கள் கடைக்கு வந்து, "அக்கா, நான் என்ன செய்ய?" என்று கேட்டாள்.

"சைக்கிள் ஓடத் தெரியுமோ?" என்று கேட்டாள் மச்சாள்.

அது என்ன பதில் என்று நான் சிரித்துவிட்டேன். அடுத்த நாளே பள்ளிக்கூட வளவில் அந்தப் பெண்ணைச் சைக்கிளில் ஏற்றிவிட்டாள். சீலையை எப்படிச் செருகினால் சங்கிலியில் சிக்காது என்று காட்டிக் கொடுத்தாள். சில கிழமையில் அவள் பெட்டியில் கருவாடு கட்டிக்கொண்டு வேலணைவரை போய் விற்று வந்தாள், நெற்றியில் பொட்டுடன். யாராவது கேட்டால், "அக்கா இருக்கிறா, நானும் இருக்கிறன்" என்பாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள்.

எனக்கு இதெல்லாம் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சீதனமாக ஒரு கல்வீடு கட்டுவதென்று அண்ணை தெற்கிலிருந்து காசு அனுப்பி, கூரைக்குப் பனை வாங்கி அறுத்துவைத்திருந்தார். அந்தப் பனஞ்சிலாகைகள் வளவின் பின்பக்கத்தில் அடுக்கியபடி கிடந்தன. அண்ணை வந்துதான் அத்திவாரம் போடுவதென்று ஐயா சொல்லிவிட்டார். கலியாணம் பேசி வந்தவர்கள் முதலில் கேட்டது, "தமையனுக்கு என்ன நடந்தது?" இருக்கிறார் என்றால் எங்கே என்பார்கள். இல்லை என்றால் அந்தியேட்டிக் கிரியை செய்தீர்களா என்பார்கள். இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு கூட்டம் எழும்பிப் போன பிறகு நான் மச்சாளோடு சண்டைக்குப் போனேன்.

"செத்திட்டார் எண்டால் செத்திட்டார் எண்டு சொல்லுங்கோ. தர்ப்பையிலை ஒரு உருவம் செய்து எரிச்சு, செய்யவேண்டியதைச் செய்வம். அண்ணையின்ரை ஆத்துமாவாவது தெருவிலை திரியாமல் இருக்கும்."

மச்சாள் வெயிலில் காயப்போட்ட அண்ணையின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை அலுமாரியைக் காலியாக்கி எல்லாவற்றையும் தோய்த்துக் காயப்போடுவாள். அடித்தட்டில் துணியால் சுற்றிய ஒரு சட்டை மட்டும் ஒருநாளும் வெளியே வராது. கப்பலால் இறங்கியபோது கையில் இருந்த சுருள் அதுதான்.

"மாமா இருக்குமட்டும் உதைப் பற்றிக் கதைக்காதையும், மச்சாள்," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

தொண்ணூறில் படைகள் தீவுக்கு வந்தன. அதற்கு முன்பே சனங்கள் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்கு ஓடத் தொடங்கிவிட்டார்கள். இளம் ஆம்பிளைகள் ஒருவர் மிச்சமில்லை. ஐயா வரமாட்டேன் என்றார். "பிள்ளை வந்து பாக்கேக்கை வீடு பூட்டிக் கிடந்தால்?" என்று கேட்டார். ஐயா இல்லாமல் மச்சாள் வரமாட்டாள். இரண்டு பேரையும் விட்டுவிட்டு எனக்குப் போக மனம் வரவில்லை. கரைப்பக்கத்துப் பெண்ணும் இருந்துவிட்டாள். கடல் பார்க்கிற இடத்தைவிட்டு எங்கே போவது என்றாள். எங்கள் எதிர்வீட்டு அக்கா, படுக்கையில் கிடந்த தாயை விட்டுப் போக முடியாமல் இருந்தாள். மற்றப்படி வயதானவர்கள், நாய்கள், ஆளில்லாத வீடுகள். பகலிலேயே ஊர் பயம் காட்டியது. யாருடைய வீட்டு யன்னலோ காற்றில் அடித்துக்கொண்டே கிடக்கும். சாத்தப் போகவும் மனம் வராது.

அடுத்த மாசியில் ஒரு காலை, ஐயா எழும்பவில்லை.

மச்சாள் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவருடைய கண்ணை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டினாள். அழுதது நான்தான். ஒப்பாரி வைக்கவும் ஆளில்லாத செத்தவீடு. பறை இல்லை, சலவைத் துணி கொண்டுவர ஆளில்லை, பாடை கட்ட ஆளில்லை. அந்த வேலைகளைச் செய்தவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். காலங்காலமாக அவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்திப் பழகிய எங்களுக்கு, அவர்கள் இல்லாமல் ஒரு பிணத்தைக்கூட எடுக்கத் தெரியாது. நன்றாக வேண்டும் எங்களுக்கு என்று அந்தத் துக்கத்திலும் எனக்குத் தோன்றியது.

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் படலை தாண்டும்வரை மாரடித்து அழலாம். படலையோடு நின்றுவிட வேண்டும். அதற்கு அப்பால் ஆம்பிளைகளின் காரியம். அன்று ஆம்பிளை என்று வந்தவர் ஒரே ஒருவர்தான். கோயிலில் தேவாரம் பாடுகிற அப்பு. பொல்லூன்றி நடக்கிறவர், ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. கிரியை முறை தெரிந்தவராக அவர் ஒருவர் மிஞ்சியதே பெரிய காரியம்.

"ஆர் தூக்கிறது, பிள்ளையள்?" என்று கேட்டார்.

"நாங்கள்தான்," என்றாள் மச்சாள்.

அப்பு பொல்லை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார். பிறகு, "விறகு?" என்றார்.

மச்சாள் வளவைச் சுற்றிப் பார்த்தாள். ஈர மட்டைகளும் தேங்காய்ப் பொச்சும்தான் கிடந்தன. எல்லோரும் எதையோ பார்க்காமல் இருக்க முயன்றார்கள். நானும் கொஞ்சம் முயன்றேன். பிறகு நானே பின்வளவுக்குப் போய், அடுக்கியிருந்த பனஞ்சிலாகைகளில் ஒன்றை இழுத்தேன். வைரம் பாய்ந்த, காய்ந்த பனை. "இது நல்லா எரியும்," என்றேன். மச்சாள் என் கையைப் பிடித்தாள். "வேண்டாம், அது உம்மடை வீடு." நான் கையை உதறிவிட்டு அடுத்ததை இழுத்தேன். அவற்றை ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றி, மாடில்லாமல், நாங்களே இழுத்துக்கொண்டுபோய்ச் சுடலையில் அடுக்கினோம்.

புகையைக் கண்டு பிரச்சினை வரக்கூடாதென்று மச்சாள் முதலிலேயே சந்திக் காவலரணுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கடையில் நின்று பழகிய சிங்களம் அவளுக்கு இருந்தது. அங்கே காவல் நின்ற சின்னச் சிப்பாய்ப் பெடியன் கேட்டுத் தலையாட்டி விட்டானாம். திரும்பி வந்தவள் கிணற்றடிக்குப் போய் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். "பயமில்லை," என்றாள். "அந்தப் பாஷையை வாயிலை எடுத்துக் கனகாலம்." அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

பாடையை நான்கு பெண்கள் தூக்கினோம். முன்னால் மச்சாளும் நானும், பின்னால் கரைப்பக்கத்துப் பெண்ணும் எதிர்வீட்டு அக்காவும். படலையடியில் எங்களையறியாமல் நால்வரும் நின்றுவிட்டோம். யாரும் தடுக்கவில்லை. கால்கள்தான் நின்றன. பிறந்த நாள்முதல் பழகிய இடமல்லவா! "நடவுங்கோ," என்றாள் மச்சாள். நடந்தோம். ஐயா கனக்கவில்லை. அதுதான் அழுகையாக வந்தது.

சுடலை கடற்கரையோரம். வெயில் நேரம், காற்று அவ்வளவாக இல்லை. மேற்கே அனலைதீவு ஒரு கோடு போலத் தெரிந்தது. பாடையை இறக்கிச் சிலாகைகளின் மேல் ஐயாவைக் கிடத்தினோம். அப்பு தேவாரம் பாடினார். குரல் பாதியில் பாதியில் போய்விட்டு வந்தது. பிறகு கொள்ளிக்குடத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "கொள்ளி ஆர்?" என்றார்.

"நான்," என்றாள் மச்சாள்.

"அது சரி பிள்ளை. ஆனால் ஒண்டு கேக்கவேணும். முறையிலை மகன்தான் வைக்கவேணும். மகன் எங்கையாவது உயிரோடை இருந்தால், அவனுக்குப் பதிலா நீ வைக்கிறாய் எண்டு சொல்லித் தர்ப்பை தருவன். மகன் இல்லையெண்டால் அது வேறை. எது எண்டு நீதான் வாய் திறந்து சொல்லவேணும். நான் நினைச்சபடி செய்ய ஏலாது."

அத்தனை வருஷமாக ஊர் கேட்ட கேள்வி. நான் கேட்டு, சண்டை பிடித்து, பதில் கிடைக்காத கேள்வி. கரைப்பக்கத்துப் பெண் மச்சாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் தனக்கும் சேர்த்துத்தான் என்பதுபோல அவளுடைய வாய் சற்றே திறந்திருந்தது. இருக்கிறார் என்று சொல்லிவிடு என்று என் மனம் கிடந்து அடித்தது. அந்தியேட்டி செய்வோம் என்று சண்டை பிடித்த அதே நான்.

மச்சாள் ஐயாவைப் பார்த்தாள். இனி அவருக்குக் கேட்காது என்று நிச்சயப்படுத்திக்கொண்டவள் போல இருந்தது.

"மகன் இல்லை அப்பு," என்றாள். "எண்பத்து மூண்டிலையே செத்துப்போனார். கடை வாசலிலை வைச்சுக் கொளுத்தினவங்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பொம்பிளை என்னை உள்ளுக்கை இழுத்துப் பூட்டிப்போட்டா. நான் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான்."

கரைப்பக்கத்துப் பெண் ஓரடி பின்னால் போனாள்.

"கப்பலாலை இறங்கேக்கை மாமா கேட்டார், வருவானோ எண்டு. ஓம் எண்டு வாயிலை வந்திட்டுது. பிறகு திருப்பி எடுக்க ஏலாமல் போட்டுது."

இடுப்பில் செருகியிருந்த துணிச் சுருளை எடுத்தாள். அந்தச் சட்டை. அண்ணை முதல்நாள் போட்டுக் கழற்றிவைத்த சட்டையாம். அவருடையதென்று அவள் கையோடு கொண்டுவர முடிந்தது அது மட்டும்தான். விரித்தபோது பழைய புகை நாற்றம் என் மூக்குவரை வந்தது, அல்லது வந்ததாக நினைத்தேன். அதை ஐயாவின் நெஞ்சின்மேல் வைத்தாள். "இரண்டு பேருக்குமாச் சொல்லுங்கோ, அப்பு."

அப்பு சொன்னார். அவருடைய நல்ல கண்ணால் தண்ணீர் ஓடியது. அவள் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தாள். நான் கத்தியால் குடத்தில் கொத்தினேன், தண்ணீர் அவள் முதுகால் வடிந்தது. குடத்தைப் போட்டுடைத்த பிறகு அப்பு கொள்ளியைக் கையில் கொடுத்தார்.

"இனி அந்தப் பக்கம் திரும்பி நிண்டு, பின்கையாலை வை, பிள்ளை. பாக்கக் கூடாது. வைச்சிட்டு, திரும்பிப் பாராமல் நட."

மச்சாள் திரும்பவில்லை.

"அண்டைக்கும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான், அப்பு," என்றாள். "இண்டைக்கு மட்டும் என்னத்துக்குத் திரும்பி நிக்கிறது?"

நேருக்கு நேர் நின்று, பார்த்துக்கொண்டே கொள்ளியை வைத்தாள். என் கல்வீட்டுக் கூரை சடசடவென்று பற்றியது. சட்டை எரிந்து முடியும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, படலையை இழுத்துக் கட்டியது. அண்ணை செத்தது சுடலையில் எனக்கு உறைக்கவில்லை. அந்த முடிச்சில்தான் உறைத்தது.

மறுநாள் கரைப்பக்கத்துப் பெண் வந்தாள். கட்டியிருந்த படலைக்கு வெளியே நின்றாள். அவளுடைய நெற்றி வெறுமையாக இருந்தது. அழித்த இடம் சிவந்து கிடந்தது. மச்சாள் குளித்துவிட்டுக் கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இனி பொட்டு இருக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இருந்தது. அதே அளவில், அதே இடத்தில், ஈரம் காயாமல். அந்தப் பெண்ணுக்கு வந்த கோபம் எனக்குப் பயத்தைத் தந்தது.

"செத்தது தெரிஞ்சுகொண்டே வைச்சிருந்தனீங்களோ, அக்கா? உங்களைப் பாத்துத்தானே நான்... அப்ப என்ரை மனுசனும்..."

"உன்ரை மனுசன்ரை கதை எனக்குத் தெரியாது," என்றாள் மச்சாள். "தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லமாட்டன். இனிமேல் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"அப்ப உது ஆருக்கு?" அவள் நெற்றியைக் காட்டிக் கேட்டாள்.

மச்சாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"முதல்லை மாமாவுக்காகத்தான் வைச்சனான். அவர் பாக்கவேணும் எண்டு. பிறகு, வள்ளத்திலை போகேக்கை, கூரையிலை ஏறேக்கை, ஊர் கதைக்கேக்கை, அது எனக்கெண்டு ஆகிப்போச்சுது." கையால் நெற்றியைத் தொட்டாள். "இது என்ரை நெத்தி."

அந்தப் பெண் திரும்பிப் போய்விட்டாள். பல நாள் எங்கள் பக்கம் வரவில்லை. வரமாட்டாள் என்றே நினைத்தோம். பிறகு ஒருநாள் கருவாட்டுப் பெட்டியோடு சைக்கிளில் போவதைக் கண்டேன். நெற்றியில் பொட்டு இருந்தது. எங்கள் வீட்டைப் பார்க்காமல்தான் போனாள். அவளுக்கு இனி மச்சாளின் நெற்றியைப் பார்த்துவிட்டுப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை என்று நினைக்கிறேன். பின்னாளில் நாங்களும் தீவைவிட்டுப் போனோம். யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு, அங்கிருந்தும் இடம்பெயர்வு. மச்சாள் போன இடமெல்லாம் ஒரு சின்னக் கடையும், அதைச் சுற்றி நாலு பெண்களும் இருந்தார்கள். அவளைப்போல இருக்கவேண்டும் என்று அவர்கள் சொல்லும்போது நான் தலையாட்டுவேன். எப்படி இருந்தாள் என்று அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஆனால் என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பது, ஐயாவின் எட்டாம் நாள் காரியம் முடிந்த கையோடு வந்த ஒரு பின்னேரம். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் அந்த வீட்டில். மச்சாள் குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். தெருவில் மணி அடித்தது. முதலில் கணீர், பிறகு கரகர. மணி அலுமாரி லாச்சிக்குள் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணை எங்கே என்பதும் தெரியும். சட்டை எரிந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். எல்லாம் தெரிந்திருந்தும் என் வாய் தன்பாட்டில் கேட்டது:

"இண்டைக்கு வந்தவரோ?"

பைத்தியக்காரி என்பாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். மச்சாள் அடுப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இண்டைக்கு இல்லை, மச்சாள்," என்றாள்.

ஐயாவுக்குச் சொன்ன அதே குரல். தெரிந்துகொண்டே கேட்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மச்சாள், அப்ப ஐயாவுக்கும் தெரியுமோ?"

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். புகையால் கண் சிவந்திருந்தது.

"ஊரிலை எல்லாரும் கேட்டவை. நீரும் கேட்டனீர்," என்றாள். "அங்கை என்ன நடந்ததெண்டு மாமா ஒருத்தர்தான் ஒருநாளும் கேக்கேல்லை."

நான் எழுந்து முற்றத்துக்குப் போனேன். படலை கட்டியபடி இருந்தது. முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுக்கவேண்டியிருந்தது. தள்ளினால் திறக்கிற மாதிரிக் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்தேன்.